பேஸ்மென்ற் ஸ்பிரே ஃபோம்: வெட்டிப் பாராமல், நிறுத்துப் பாராமல் காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: அண்ணை, ஒன்ராறியோவில் மார்க்கம் நகரத்தில் வீடு. மாமா மாமி வந்து இருப்பதற்காக நிலத்துக்குக் கீழே உள்ள பேஸ்மென்றைக் கட்டி முடிக்கிறோம். வெளிச்சுவர்களுக்குக் குளிரை மறிக்கிற ஸ்பிரே ஃபோம் அடிக்க ஒரு கொன்ராக்டரைப் பிடித்தோம், போன கிழமை பாதி அடித்தார்கள். சில இடங்களில் மரச்சட்டத்துக்கும் ஃபோமுக்கும் நடுவில் வெடிப்புத் தெரிகிறது. ஒரு மூலையை வயர்க்காரர் வெட்டினபோது உள்ளே கபில நிறமாக இருந்தது. கருவாட்டு மணம் இன்னும் போகவில்லை. கேட்டால் "இது இப்படித்தான் இருக்கும், சிட்டி இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ணினால் சரிதானே" என்கிறார். மிச்சப் பாதி வருகிற சனிக்கிழமை, முழுக் காசும் அன்றைக்கே வேண்டுமாம். இது நல்ல வேலையா என்று நான் எப்படிப் பார்ப்பது? ஸ்பிரே ஃபோம் கனடாவில் தடை செய்த சாமான், வீடு விற்கும்போது பிரச்சினை வரும் என்று அத்தான் வேறு பயமுறுத்துகிறார்.

பதில்: தம்பி, அத்தானின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்ன விஷயம். அவர் சொல்வது யூஃபி என்கிற பழைய சாமான், யூரியா ஃபோர்மல்டிஹைட்டில் செய்த ஃபோம். எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறினபோது பழைய வீட்டுச் சுவர்களில் ஓட்டை போட்டு அதை உள்ளே பாய்ச்சினார்கள், 1980 டிசம்பரில் கனடா அதைத் தடை செய்தது. ஒன்ராறியோவில் வீடு வாங்கி விற்கும் ஒப்பந்தப் படிவத்தில் இன்றைக்கும் அதைப் பற்றி ஒரு பந்தி இருக்கிறது, அத்தான் அதைக் கண்டிருப்பார். உங்கள் சுவரில் இருப்பது பொலியூரிதேன், வேறு சாதி. தடையும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஆனால் உங்கள் கொன்ராக்டர் "இது இப்படித்தான் இருக்கும்" என்று சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் பதினைந்து வருஷம் இந்த ஹோஸைப் பிடித்து இழுத்தவன், இப்போது மற்றவர்கள் அடித்ததைப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன். நீங்கள் எழுதின மூன்று விஷயமும் மூன்று கேள்வி, மூன்றுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும்.

கடையில் வாங்குகிற மஞ்சள் பஞ்சோ ஸ்டைரோஃபோம் பலகையோ ஏதோ ஒரு ஃபக்டரியில் செய்து, அங்கேயே யாரோ சோதித்து அனுப்பினது. ஸ்பிரே ஃபோம் அப்படி வருவதில்லை. ட்ரக்கில் இரண்டு டிரம் இருக்கும், ஒன்றில் ஐசோசயனேற், மற்றதில் ரெசின். இரண்டும் சூடேற்றிய ஹோஸில் தனித்தனியாக வந்து, ஸ்பிரே கன்னின் நுனியில்தான் சம அளவில் கலந்து, சுவரில் பட்டுச் சில விநாடியில் பொங்கி இறுகுகின்றன. அதாவது ஃபக்டரி உங்கள் பேஸ்மென்றில்தான் ஓடுகிறது, அதை ஓட்டுகிறவர் ட்ரக்கில் வந்த அந்த ஒரு ஆள். டிரம் குளிர்ந்திருந்தால், சுவர் ஈரமாக இருந்தால், கன்னின் ஒரு பக்கம் அடைத்திருந்தால், அவசரத்தில் ஒரேயடியாகத் தடிப்பாக அடித்தால், அந்த மணித்தியாலம் வெளியே வருகிற ஃபோம் பிழைத்துப்போகும். பக்கத்துச் சுவர் அருமையாக இருக்கும். அதனால் ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு எல்லாம் நல்லது என்றோ எல்லாம் கூடாது என்றோ சொல்லாதீர்கள்.

சரி, வெடிப்பு. ஃபோம் சுருங்கினால்தான் மரத்தை விட்டு விலகும். காரணம் பல இருக்கலாம்: தடிப்பாக அடித்தது, மரம் ஈரமாக இருந்தது, குளிர்ந்திருந்தது, கலவை விகிதம் தப்பினது. மரத்தின் ஈரம் 19 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், அதைக் குத்திப் பார்க்கிற மீற்றர் நாற்பது ஐம்பது டொலருக்கு ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். புதுச் சட்டத்தை மழையில் நனைந்த மரத்தில் அடித்துவிட்டு மூன்றாம் நாள் ஃபோம் அடித்தால் இதுதான் நடக்கும். மயிர் அளவு வெடிப்பு ஒன்றிரண்டு என்றால் வெட்டி நிரப்பலாம். சட்டத்தின் முழு உயரத்துக்கும் போகிறது, விசிட்டிங் காட் ஒன்று உள்ளே போகிறது என்றால் அது சின்னப் பிழை கிடையாது. மாரியில் வீட்டின் சூடான ஈரக்காற்று அந்த வெடிப்பால் போய்க் குளிர்ந்த கொங்கிரீட்டில் பட்டு வியர்க்கும், பிறகு பூஞ்சணம்தான். ஃபோமுக்கு இவ்வளவு காசு கொடுப்பதே காற்றை மறிக்கிறதற்குத்தானே.

கபில நிறம் எனக்குப் பிடிக்கவே இல்லை. இந்தக் கலவை இறுகும்போது தானாகவே சூடாகும், ஒரு படை தடிப்பாகப் போனால் நடுவில் உள்ள சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளே கருகும். வெளித்தோல் நல்ல நிறமாக இருக்கும், வெட்டினால் நடுவில் தேயிலைச் சாய நிறம் தெரியும். பெரும்பாலான இரண்டு இறாத்தல் ஃபோமுக்கு (கன அடிக்கு இரண்டு இறாத்தல் அளவு பாரம் உள்ளது) ஒரு படை அதிகபட்சம் 2 அங்குலம், பிறகு சூடு இறங்கும் வரைக்கும் பொறுத்து அடுத்த படை. சில புதுத் தயாரிப்புகளில் இன்னும் தடிப்பாக அடிக்கலாம், அப்படி என்றால் அது அந்தக் கம்பனியின் தாளில் எழுதியிருக்கும், காட்டச் சொல்லுங்கள். மூன்றரை அங்குலத்தை ஒரே மூச்சில் நிரப்பினால் கொன்ராக்டருக்கு அரை நாள் மிச்சம். பிழை பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. இது தீப்பிடிக்கிற விஷயமும்கூட: ஃபோமை ஒரு பெரிய கும்பமாக அடித்துவிட்டாலோ, அப்போதுதான் வெட்டின சூடான துண்டுகளை ஒரு பையில் திணித்து வைத்தாலோ, ஆட்கள் போன பிறகு அதுவாகவே புகையத் தொடங்கும்.

கருவாட்டு மணம் ரெசினில் உள்ள அமீன் என்கிற இரசாயனத்தின் மணம். முதல் ஒன்றிரண்டு நாள் இருக்கும், காற்றோட்டம் விட்டால் குறைந்துகொண்டே போகும். ஒரு கிழமை தாண்டியும் இருக்கிறது, அதுவும் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குக் கிட்டப் போனால் கூடுகிறது என்றால், அந்த இடத்தில் ரெசின் கூடிப்போயிருக்கலாம். மூக்கால் தேடுவதை விடச் சுலபமான வழி ஒன்று உண்டு: ஒரு மணித்தியாலத்துக்கு அந்தப் பகுதியைப் பொலித்தீனால் மூடி ஒட்டி, பிறகு ஒரு மூலையைத் திறந்து மணந்து பாருங்கள். வேறு இரண்டு இடத்திலும் அப்படியே செய்தால் வித்தியாசம் தெரியும்.

இனிக் கத்தியை எடுப்போம். முகமூடி போட்டுக்கொண்டு, நீளமான கத்தியால் ஒரு துண்டு வெட்டி எடுங்கள், சோப்புக் கட்டி அளவை விடக் கொஞ்சம் பெரிதாக, நல்ல இடத்தில் ஒன்று, சந்தேகமான இடத்தில் ஒன்று. இது கம்பனிக்காரருக்குப் புது விஷயம் இல்லை, அவரே செய்ய வேண்டிய வேலைதான், அதற்குப் பிறகு வருகிறேன். நல்ல ஃபோமின் வெட்டுமுகம் ஒரே சீராக, உள்ளே உள்ள குமிழிக் கண் சின்னச் சின்னதாக இருக்கும். பெருவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமிழ்ந்து திரும்பி வரும். விரலால் தேய்த்தவுடன் புட்டு மாதிரி உதிர்கிறது, மொறுமொறு என்று உடைகிறது என்றால் ஐசோசயனேற் கூடிவிட்டது. தொதல் மாதிரி பிசுபிசு என்று, அழுத்தின விரலடையாளம் அப்படியே இருக்கிறது என்றால் ரெசின் கூடிவிட்டது. நீளவாட்டில் பெரிய வெற்றிடங்கள், படைக்கும் படைக்கும் நடுவில் தாளைப் போல உரிந்து வருவது, இவையும் பிழை. பச்சை, ஊதா, மஞ்சள் என்று நிறத்தை வைத்துத் தரம் பார்க்கிற ஆட்கள் கனபேர், அது கம்பனி போடுகிற சாயம். ஒரே சுவரில் நிறம் மாறிப்போவதுதான் கவனிக்க வேண்டியது.

அடர்த்தி பார்ப்பது பெரிய வித்தை இல்லை. நகை நிறுக்கிற சின்னத் தராசு ஒன்று வேண்டும், 0.1 கிராம் காட்டுவது, இருபது டொலருக்குள் கிடைக்கும், சமையலறைத் தராசு இதற்குச் சரிவராது. ஃபோம் அடித்து நன்றாக ஆறின பிறகு எடுத்த துண்டின் வெளித்தோலையும் கொங்கிரீட்டில் ஒட்டியிருந்த பக்கத்தையும் சீவிவிடுங்கள், அவை எப்போதும் பாரமாக இருக்கும், நடுப்பகுதிதான் கணக்கு. நிறுங்கள். பிறகு அளவுக்கோடு போட்ட ஜக்கில் தண்ணீர் விட்டு, துண்டை ஒரு ஊசியால் குத்தி முழுவதும் அமிழ்த்தி, தண்ணீர் எத்தனை மில்லிலீற்றர் ஏறுகிறது என்று பாருங்கள். உதாரணமாக, துண்டு 6 கிராம், தண்ணீர் 200 மில்லிலீற்றர் ஏறுகிறது என்றால், 6ஐ 200ஆல் பிரித்து ஆயிரத்தால் பெருக்க 30 வரும், அதாவது கன மீற்றருக்கு 30 கிலோ. நடுத்தர அடர்த்தி ஃபோமுக்கு, அதாவது அந்த இரண்டு இறாத்தல் ஃபோமுக்கு, கனடியத் தரத்தில் குறைந்தது 28 வேண்டும். 24, 25 என்று வந்தால் இன்னொரு இடத்தில் வெட்டிப் பாருங்கள், அங்கேயும் அப்படியே வந்தால் அந்தச் சுவரில் பிரச்சினை. மிக அதிகமாக வந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம், சுவர் குளிர்ந்திருந்து ஃபோம் பொங்காமல் போயிருக்கலாம்.

ஒட்டின பலத்தையும் அதே இடத்தில் பார்த்துவிடலாம். உள்ளங்கை அளவு சதுரத்தைச் சுற்றி நாலு பக்கமும் கொங்கிரீட் வரைக்கும் வெட்டி, நடுவைப் பிடித்து நேரே இழுங்கள். ஃபோம் நடுவில் கிழிந்து, சுவரில் பாதி மிச்சம் இருந்தால் நல்லது. ஸ்டிக்கர் உரிந்த மாதிரி சுத்தமாகக் கழன்று, கொங்கிரீட் வெறுமனே தெரிந்தால் அது ஒட்டவே இல்லை. அந்தக் கொங்கிரீட்டை விரலால் தடவிப் பாருங்கள், வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் சுவர் தண்ணீர் விடுகிறது, அது ஃபோம்காரரின் பிழையை விடப் பெரிய கதை, முதலில் அதைத் திருத்த வேண்டும்.

தடிப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஆர் என்பது சூடு வெளியேறாமல் எவ்வளவு மறிக்கும் என்கிற அளவு. அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட ஆர்-6 கணக்கு, ஆர்-20க்கு மூன்றரை அங்குலம் அளவில் வர வேண்டும். ஒரு மெல்லிய கம்பியில் மூன்றரை அங்குலத்தில் டேப் ஒட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து இடத்தில் குத்துங்கள். கண் உயரத்தில் குத்தாதீர்கள், அங்கே எல்லாரும் வடிவாகத்தான் அடிப்பார்கள். நிலத்துக்குக் கிட்ட, மூலையில், மரச்சட்டத்துக்குப் பின்னால், மேலே தளத்தைத் தாங்குகிற ஜொயிஸ்ற் மரம் வந்து வெளிச்சுவரில் முட்டுகிற ஹெடர் பகுதியில், தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால், இங்கேதான் ஒரு அங்குலம் ஒன்றரை அங்குலத்தோடு விட்டுவிட்டுப் போவார்கள். இன்னொன்று, வாங்கினது மூடிய கண் உள்ள இரண்டு இறாத்தல் ஃபோமா, திறந்த கண் உள்ள அரை இறாத்தல் ஃபோமா என்று விலைத்தாளில் பாருங்கள். பின்னது பாண் மாதிரி மெத்தென்று இருக்கும், அங்குலத்துக்கு ஆர்-4க்கும் குறைவு, நீராவியையும் மறிக்காது. இரண்டு இறாத்தல் விலை வாங்கிவிட்டு அரை இறாத்தல் அடித்த வேலையை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இப்போது தாள். கனபேருக்கு இது தெரியாது. கனடாவில் இந்த ஃபோமை எப்படி அடிக்க வேண்டும் என்பதற்கே ஒரு தரம் இருக்கிறது, பெயர் கான்/யூஎல்சி-எஸ்705.2. அதன்படி அடிக்கிற ஆள் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும், படம் போட்ட அட்டை கையில் இருக்க வேண்டும். கம்பனி முதலாளியிடம் அட்டை இருந்தால் போதாது, கன்னைப் பிடிக்கிறவரிடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அவர் ஒரு வேலைப் பதிவுத் தாள் நிரப்ப வேண்டும்: டிரம்மின் லொட் இலக்கம் (எந்தத் தொகுதியில் செய்தது என்கிற இலக்கம்), காற்றின் வெப்பம், சுவரின் வெப்பம், ஈரப்பதன், எத்தனை படை, என்ன தடிப்பு, அன்றைக்கு எடுத்த அடர்த்திச் சோதனை, ஒட்டுச் சோதனை. நான் மேலே சொன்ன கத்தி, தராசு, தண்ணீர் வேலை எல்லாம் அவரே அன்றைக்குச் செய்து எழுதியிருக்க வேண்டியது. போன கிழமைத் தாளின் பிரதியைக் கேளுங்கள். உடனே தந்தால் ஆள் பரவாயில்லை. "ஒஃபிசில் இருக்கு, பிறகு அனுப்புறன்" என்று இழுத்தால், இரவு இருந்து நிரப்பப் போகிறார் என்று நான் நினைப்பேன். அடர்த்தி எல்லா நாளும் ஒரே எண்ணாக, அதுவும் முழு எண்ணாக எழுதியிருந்தால் சிரித்துவிட்டுத் தராசை எடுங்கள்.

சிட்டி இன்ஸ்பெக்டரைப் பற்றி அவர் சொன்னது பாதி உண்மை. இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கத்தான் வேண்டும், அவர் பார்க்கும் வரைக்கும் ட்ரைவோல் (உட்சுவருக்கு அடிக்கிற ஜிப்சம் பலகை) அடிக்கக் கூடாது. ஆனால் அவர் தடிப்பு, விட்டுப்போன இடம், தாள், நீராவித் தடுப்பு இவற்றைப் பார்ப்பார். உங்கள் ஃபோமை வெட்டி நிறுத்துப் பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, அது அவருடைய வேலையும் இல்லை. பிறகு ஃபோமை வெறுமனே விடவும் கூடாது, அரை அங்குல ட்ரைவோலாலோ அதற்குச் சமமான தீத்தடுப்பாலோ மூட வேண்டும் என்பது ஒன்ராறியோ கட்டடச் சட்டம். வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ் இருக்கிற அறையின் சுவரை "அங்கே யார் பார்க்கப் போகினம்" என்று விட்டுவிடுவார்கள், விடாதீர்கள்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். அதற்கு முதல் என் கதை ஒன்று. நான் தொழிலுக்கு வந்து இரண்டாவது மாரி. முந்தின இரவு ட்ரக்கை வெளியே விட்டுவிட்டுப் போய்விட்டோம், வெளியே சைபருக்குக் கீழே 18 பாகை, ட்ரக்கின் ஹீற்றர் இரவில் நின்றுவிட்டது. காலையில் டிரம்மைத் தொட்டால் ஐஸ். முதலாளி, "ஹோஸ் ஹீற்றரைக் கூட்டி அடி, பின்னேரம் வேறு வீடு இருக்கு" என்றார். நானும் அடித்தேன். குளிர்ந்த ரெசின் தேன் மாதிரித் தடித்திருக்கும், பம்ப் அதைச் சரியான அளவுக்கு இழுக்காது, விகிதம் தப்பும், அதெல்லாம் பிறகுதான் படித்தது. அடுத்த நாள் போனால் சுவர் முழுக்கப் பொரித்த அப்பளம் மாதிரி, தட்டினால் நொறுங்குகிறது. மூன்று நாள் சுரண்டினோம். அந்தக் குளிரில், அந்த முகமூடியோடு, நாரி முறிய. அன்றைக்கு நான் "இல்லை அண்ணை, இன்றைக்கு அடிக்க ஏலாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அதனால் சனிக்கிழமை ட்ரக் வந்து நின்றதும், தேத்தண்ணியைக் கொடுத்துக்கொண்டே, டிரம் என்ன வெப்பத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலான ரெசினுக்கு 15 முதல் 30 பாகைக்குள் வைக்கச் சொல்வார்கள், சரியான எண் டிரம்மின் லேபலில் இருக்கும். அந்த லேபலிலேயே காலாவதித் திகதியையும் பாருங்கள். ஃபோமைப் பொங்க வைக்க ரெசினில் ஒரு வாயு சேர்ப்பார்கள். 2021 முதல் கனடாவில் பழைய எச்எஃப்சி வாயுக்களை இந்த ஃபோமில் போட முடியாது, இப்போது வருவது பெரும்பாலும் எச்எஃப்ஓ என்கிற புது வாயு. சூழலுக்கு நல்லது, ஆனால் ரெசின் முன்னைப் போல நாட்படத் தாங்காது, பல தயாரிப்புகளுக்கு ஆறு மாதம்தான். மலிவாகக் கிடைத்தது என்று பழைய டிரம்மை வாங்கி அடிக்கிறவர்கள் உண்டு. பிறகு, சுவரில் அடிக்க முதல் ஒரு மட்டையிலோ பொலித்தீனிலோ சோதனைக்கு அடிப்பதைப் பாருங்கள். நல்ல ஆள் கேட்காமலே அடிப்பார், அது பொங்கி இறுகி வருவதைப் பார்த்துத்தான் சுவருக்குப் போவார். இரண்டு படை என்று வாயால் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், நடுவில் எவ்வளவு நேரம் பொறுப்பார் என்றும் கேளுங்கள். ஃபர்னஸின் சூடான புகைக்குழாயிலிருந்து குறைந்தது 3 அங்குலம் தள்ளி நிற்க வேண்டும்.

அடிக்கத் தொடங்கினவுடன் நீங்கள் வெளியே. நின்று பார்க்கிறேன் என்று சாதாரண முகமூடியோடு நிற்க வேண்டாம், அவர்கள் போடுவது வெளியிலிருந்து காற்று வருகிற முகமூடி. ஐசோசயனேற் ஒருதரம் நெஞ்சில் ஒவ்வாமையைக் கொடுத்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் இழுக்கத் தொடங்கும், எனக்குத் தெரிந்த ஒருவர் அதோடு தொழிலையே விட்டார். உங்கள் ஃபர்னஸ் பேஸ்மென்றில்தானே இருக்கிறது? அதன் ஃபானை நிற்பாட்டி, கீழே உள்ள காற்று வழிகளை ஒட்டி மூடாவிட்டால் மணம் முழுவதும் மேல்மாடிப் படுக்கையறைக்குத்தான் போகும். பிள்ளைகளோ வயதானவர்களோ மேலே இருக்கலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். அடித்து முடித்துக் குறைந்தது 24 மணித்தியாலம் எல்லாரும் வேறு வீட்டில், கீழே ஃபான் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். போன கிழமை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை, அதைக் கேட்கவும் பயமாக இருக்கிறது.

காசு. அன்றைக்கே முழுதாகக் கொடுக்க வேண்டியதில்லை. ஒன்ராறியோ கட்டுமானச் சட்டத்திலேயே 10 வீதம் பிடித்து வைக்கிற ஏற்பாடு உண்டு, அது சண்டை பிடிக்கிற வேலை இல்லை. பழைய பாதியைத் திருத்தின பிறகுதான் புதுப் பாதி என்று எழுத்தில் சொல்லுங்கள், தொலைபேசியில் கதைத்தது கணக்கில் வராது. படம் எடுங்கள், வெட்டின துண்டுகளில் இடத்தின் பெயரும் திகதியும் எழுதிப் பையில் போட்டு வையுங்கள். கபிலமான மூலையும் புட்டாக உதிர்கிற இடமும் இருந்தால், அவர் "மேலே இன்னொரு படை அடித்து மூடிவிடுகிறேன்" என்பார். கூடாது. பிழைத்த ஃபோமுக்கு மேல் அடித்தால் பிழை உள்ளேயே இருக்கும், மணமும் இருக்கும். வெட்டி எடுத்து, சுவரைத் துப்புரவாக்கி, புதிதாக அடிப்பதுதான் திருத்தம். வெட்டுகிற அன்றும் வீட்டில் ஆட்கள் வேண்டாம், தூள் பறக்கும். அவர் மாட்டேன் என்றால் அவருக்குச் சான்றிதழ் கொடுத்த அமைப்புக்கு எழுதுங்கள், அட்டையில் பெயர் இருக்கும், அவர்கள் வேலையைப் பார்க்க ஆள் அனுப்புவார்கள். ஃபோம் தயாரித்த கம்பனிக்கும் லொட் இலக்கத்தோடு எழுதலாம்.

சனிக்கிழமைக்கு முதல் இரண்டு துண்டையாவது வெட்டி நிறுத்துவிட்டு எண்களை எனக்கு எழுதுங்கள். எந்தச் சுவர், நிலத்திலிருந்து எவ்வளவு உயரம், தோலைச் சீவினீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அது இல்லாவிட்டால் 26 என்ற எண்ணை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் சொல்ல ஏலாது.